ஒன்பதாவது முகம்

சிற்ப வேலை செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், வருகிற படங்களைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவதுதான் என் வழக்கம். சில வாரங்களுக்கு முன் கவிதா என்பவர் ஒரு காணொளி போட்டிருந்தார். கைப்பேசியை ஒரு சிலையைச் சுற்றிக் காட்டுகிறார். சிலை அப்படியே கணினிக்குள் போய்விடுகிறது. பிறகு வேண்டும்போது, வேண்டிய அளவில், எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். கீழே என்னைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்: "முன்ன எல்லாம் எட்டு சிலை ஊத்தி முடிச்சதும் அச்சையே வெட்டிப் போட்டுருவீங்களாமே, ஜெசி அக்கா? எப்படி மனசு வந்துச்சு? நம்ம இதழுக்கு எழுதிக் குடுங்களேன்."

எழுதலாம். ஆனால் அதை எழுதினால் முனியாண்டி அண்ணனைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை.

என் முழுப்பெயர் ஜெசிந்தா. சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர்களின் மகள். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதல் மூன்று வருடம் மெழுகுவர்த்தி செய்யும் ஒரு சின்ன இடத்தில் வேலை. அந்த மூன்று வருடப் பழக்கம்தான், செமோர் சாலையில் இருந்த வார்ப்புப் பட்டறைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களுக்குப் பம்பு உறுப்புகள் வார்த்த பட்டறை அது. சுரங்கங்கள் மூடிய பிறகு கோயில் மணி, பெயர்ப்பலகை என்று கொஞ்ச காலம் ஓட்டி, கடைசியில் சிற்பிகளுக்கு வெண்கலச் சிலை வார்த்துக் கொடுக்கும் இடமாக மாறியிருந்தது. அங்கே முப்பத்தெட்டு வருடம் மெழுகு மேசையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வருடம் யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. கை வெந்ததுதான் நினைவிருக்கிறது.

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிற்பி களிமண்ணில் உருவம் செய்து கொண்டுவருவார். அதன்மேல் பிசின் போன்ற ஒரு ரப்பரைத் தூரிகையால் பூசுவோம். காய்ந்ததும் மறுபடி, மறுபடி. கண்ணிமை, விரல் நகம், துணி மடிப்பு, எதையும் விடாமல் அந்த ரப்பர் பிடித்துக்கொள்ளும். அது தொளதொளவென்று இருக்கும் என்பதால் வெளியே பிளாஸ்டரில் ஒரு கெட்டிக் கூடு கட்டுவோம். இது இரண்டும் சேர்ந்ததுதான் அச்சு. அதற்குள் உருகிய மெழுகை ஊற்றி, சுழற்றி, வெளியே கொட்டுவோம். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் உள்ளே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு மெழுகு படியும். எடுத்தால், உள்ளே வெற்றாக, பழுப்பு நிறத்தில் ஒரு மெழுகுச் சிலை.

அது என் மேசைக்கு வரும். அச்சின் பொருத்துக் கோடு விழுந்த இடங்களைச் சூடான கரண்டியால் தேய்ப்பேன். காற்றுக் குமிழி உடைந்த குழிகளை அடைப்பேன். அச்சில் மழுங்கிப்போன இமை ஓரம், உதட்டு ஓரம் எல்லாவற்றையும் களிமண் மூலத்தைப் பார்த்துத் திரும்பக் கூராக்குவேன். என் வேலை முடிந்ததும் உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகளை ஒட்டுவார்கள். பிறகு அதைக் கூழில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, தடித்த ஓடு ஆக்குவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். ஓடு மட்டும் நிற்கும். மெழுகு இருந்த இடத்தில் வெண்கலம் போகும். அதாவது, ஒரு சிலைக்கு ஒரு மெழுகு. எட்டு சிலை என்றால் எட்டு முறை அதே முகத்தை நான் உட்கார்ந்து சீர் செய்ய வேண்டும். மெழுகிலேயே கழுத்துக்குப் பின்னால் எண்ணைக் கீறுவோம்: எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு. எட்டும் முடிந்தால் அச்சை வெட்டிப் போட வேண்டும். சிற்பி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

பட்டறை முதலாளியை லியோங் தவுக்கே என்போம். சீனரான அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தவுக்கே எங்களைப் போலவே தமிழ் பேசுவார், நடுநடுவே ஒரு 'லா' சேர்த்து. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஊற்றுகிற நாள் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சூளையிலிருந்து ஓடு வெளியே வந்து ஆறியதும், விரல் முட்டியால் ஒவ்வோர் இடமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். "இது வேண்டாம்" என்பார். அவ்வளவுதான். பத்து நாள் வேலை குப்பைக்குப் போகும். ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டார். வெண்கலம் சட்டியில் உருகி நிற்கும்போது அவரும் பேசமாட்டார், நாங்களும் பேசக்கூடாது.

அந்தச் சட்டியைத் தூக்கி ஊற்றுகிறவர்தான் முனியாண்டி அண்ணன். என்னைவிட ஆறு வயது பெரியவர். தோல் அங்கி, முகக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, இன்னொருவர் மறுமுனையைப் பிடிக்க, உலோகத்தின் நிறத்தைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" வராமல் யாரும் அசையமாட்டார்கள். வீட்டுப் பின்கட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன உலை இருந்தது. அதில் கோயில்களுக்குச் சின்ன வேல், சின்ன மணி ஊற்றிக் கொடுப்பார். தவுக்கேக்கும் அது தெரியும்.

ராஜன் என்ற சிற்பி, ஒரு பெண்ணின் களிமண் உருவத்தோடு வந்தது என்னுடைய இருபத்தேழாவது வருடத்தில். அவர் கோலாலம்பூரில் ஓவியக் கல்லூரியில் வேலை செய்தவர். பிறந்தது செமோர் பக்கத்துத் தோட்டம். அந்தத் தோட்டத்திலேயே முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டிய அஞ்சலை என்ற அம்மாவை உட்காரவைத்து, பதினோரு நாளில் அந்த உருவத்தைச் செய்திருந்தார். தலையில் துண்டு, சப்பணமிட்ட கால், மடியில் பால் வெட்டும் கத்தி. இரண்டரை அடி உயரம் இருக்கும். அந்த மாதிரி வேலை எங்கள் பட்டறைக்கு அதற்குமுன் வந்ததில்லை. என் அம்மாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எட்டு மட்டும் என்று முடிவானது.

முதல் மெழுகை நான் சீர் செய்துகொண்டிருந்தபோது, ராஜன் அந்த அஞ்சலை அம்மாவையே பட்டறைக்கு அழைத்து வந்தார். எழுபது வயது. ரப்பர் செருப்பு. மெழுகு முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுக் கெழவியாவா இருக்கேன் நானு?"

எல்லோரும் சிரித்தோம். ராஜன் கைப்பேசியில் பேச வெளியே போனார். அந்த அம்மா என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, என் ஆட்காட்டி விரலைத் தன் இடது புருவத்துக்குக் கீழே வைத்தார். அங்கே ஒரு தழும்பு. தடவினால்தான் ஆழம் தெரியும்.

"இத விட்டுட்டாரு அந்தத் தம்பி. பால் வாளி இடிச்சது. மக வயித்துல இருந்தா அப்ப. மயக்கம் வந்து தீம்பார்லயே, மரத்தடியில விழுந்துட்டேன். இது இல்லாம எம் மூஞ்சி ஏது?"

"சிற்பி வச்சதத்தான் நான் செய்யணும்மா. நானா ஒண்ணும் போட முடியாது."

"சரி, போவட்டும். எனக்கு இதுல ஒண்ணு குடுப்பாங்களா?"

தவுக்கே நாலடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஓட்டைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது சிலை மெழுகில் இருக்கும்போது அஞ்சலை அம்மா இறந்துவிட்டதாகத் தெரிந்தது. எட்டாவது முடிந்த வாரம் அவருடைய மகள் சாந்தி பட்டறைக்கு வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை; ஷிப்டு முடிந்து சீருடையோடே வந்திருந்தாள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல், பெண் என்று என்னிடம் வந்தாள்.

"அம்மா போட்டோன்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா. அடையாள கார்டு ஐசில இருக்கற படம் மட்டுந்தான். அதுல மொறச்சிக்கிட்டு இருப்பாங்க. அது எங்கம்மா மாதிரியே இல்ல. முழுசா வேண்டாம்க்கா. மூஞ்சி மட்டும். எதுல செஞ்சாலும் பரவால்ல."

தவுக்கேயிடம் அழைத்துப் போனேன். அவர் அவளை உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ராஜனுக்குத் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"நான் செஞ்சது உங்கம்மாவ மட்டும் இல்லம்மா," என்றார் ராஜன். குரலில் கோபம் இல்லை. "தோட்டத்துல வேல செஞ்ச எல்லாப் பொம்பளைங்களையும் சேத்து ஒருத்தி. எட்டுன்னு சொல்லி வித்தாச்சு. ஒன்பதாவதா ஒரு மூக்கு வெளிய போனாக்கூட நான் பொய்யன் ஆயிடுவேன்."

சாந்தி போன பிறகு தவுக்கே என்னிடம் சொன்னார்: "வாங்கறவன் பொம்மைய வாங்கல லா, ஜெசி. இனிமே செய்யமாட்டோம்னு நாம சொன்ன வார்த்தைய வாங்கறான். அது போச்சுன்னா நம்மகிட்ட விக்க வேற என்னா இருக்கு?"

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

அச்சை வெட்டுகிற நாள் குறித்தாகிவிட்டது. வெட்ட வேண்டியவள் நான். அதற்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போனபோது நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அச்சு ஐந்து துண்டுகளாக இருந்தது. முகமும் கழுத்தும் ஒரே துண்டு. அதை மட்டும் மல்லாக்க வைத்து, மெழுகைத் தூரிகையால் பூசி, மேலே கொஞ்சம் ஊற்றினேன். இருபது நிமிடத்தில் முகம் கையில் வந்துவிட்டது. பின்பக்கம் தட்டையாக, ஒரு தட்டு மாதிரி. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இமை மழுங்கிய முகத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டு இமையையும் கூராக்கினேன். பிறகு, என் விரல் எங்கே வைக்கப்பட்டதோ அந்த இடத்தில், இடது புருவத்துக்குக் கீழே, அந்தத் தழும்பைக் கீறினேன். சோற்றுப் பாத்திரத்தில் ஈரத்துணி விரித்து, முகத்தை வைத்து மூடினேன்.

மறுநாள் ராஜன் கேமராவோடு நிற்க, நான் கத்தரியால் ரப்பரை வெட்டினேன். மனசு வந்ததா என்று கவிதா கேட்கிறார். முகத்தின் நடுவே கத்தரி ஓடியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த முகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அல்லவா?

சாந்தியின் வீடு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தழும்பையே தடவிக்கொண்டிருந்தாள். வெயில் படாத இடத்தில் வை, யாருக்கும் காட்டாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ராஜன் பட்டறைக்குள் வந்தார். கையில் துணி சுற்றிய ஒன்று. நேராக என் மேசையில், மெழுகுக் கரண்டிகளுக்கு நடுவில் அதை வைத்துப் பிரித்தார். வெண்கலத்தில் அஞ்சலை அம்மாவின் முகம். சிலையை வாங்கியவர்களில் ஒருவர் பினாங்கில் ஒரு பழம்பொருள் கடையில் இதைப் பார்த்து, வாங்கி, அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"இது என்னான்னு சொல்லுங்க, தவுக்கே. என் கண்ணு முன்னால அச்ச வெட்டுனீங்க. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

தவுக்கே கலிப்பர் அளவுகோலை எடுத்து வந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தார். கண்ணின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தார். மெருகு போடப் பட்டறைக்குத் திரும்பி வந்திருந்த, எட்டில் ஒரு சிலையின் முகத்தையும் அளந்தார். வெண்கலம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். வெண்கலச் சிலையிலிருந்து யாராவது திருட்டுத்தனமாக அச்செடுத்து இன்னொன்று வார்த்தால், அது மறுபடி சுருங்கி, நம்முடையதைவிடச் சிறிதாக இருக்கும். இது சிறிதாக இல்லை.

"அளவு அப்படியே இருக்கு," என்றார் தவுக்கே. "சிலைலேர்ந்து எடுக்கல. நம்ம மெழுகுலேர்ந்து போயிருக்கு. உள்ள இருக்கற ஆள்தான்."

எதையும் மறைத்துப் பேசத் தெரியாத மனிதர். சொல்லிவிட்டு அந்த முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வார்ப்பும் மட்டம்," என்றார் ராஜன். "பாருங்க, பூராவும் ஓட்ட. புருவத்துக்குக் கீழ கோடு விழுந்திருக்கு. அது என்னோடது இல்ல."

பதினோரு நாள் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தவர் அவர்.

தவுக்கே முகத்தைக் கீழே வைத்தார். பட்டறையில் அப்போது ஏழு பேர் இருந்தோம். "யாரு?" என்று கேட்டார். சாதாரணமாக, மணி என்ன என்று கேட்கிற மாதிரி.

நான் என் கைகளைப் பார்த்தேன். என் கணவர் அந்தோணி பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மூத்த மகள் பள்ளியில் ஆறாம் படிவம், இளையவள் மூன்றாம் படிவம். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். அந்த நிமிடத்தில் இவர்களில் ஒருவர் நினைவும் எனக்கு வரவில்லை. பயந்துபோயிருந்தேன். அவ்வளவுதான்.

"இங்க யார் வீட்டுல உலை இருக்கு?" என்று கேட்டார் ராஜன்.

யாரும் முனியாண்டி அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"எங்கிட்ட இருக்கு," என்றார் அவரே. "அதுல வேலு ஊத்துவேன், மணி ஊத்துவேன். எங்கம்மா மேல சத்தியமா இது நான் இல்ல, தவுக்கே. நான் ஊத்துனா இப்படி ஓட்ட ஓட்டையா வருமா? நீங்களே பாருங்க."

அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? தவுக்கே ராஜனை அறைக்குள் அழைத்துப் போய் அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்து, முனியாண்டி அண்ணனிடம் தணிந்த குரலில், இனி வர வேண்டாம் என்றார்.

அண்ணன் சண்டை போடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் குழாயடிக்குப் போய்த் தோல் அங்கியைக் கழுவினார். மடித்து, சட்டி வைக்கிற மேடையில் வைத்தார். அதன்மேல் கையுறை இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். என்னைக் கடந்து போகும்போது, "வாரேன், தங்கச்சி," என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் செமோர் சாலையில் திரும்பிப் போகிறவரை நான் ஒரு மெழுகுக் காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காது முழுவதும் தேய்ந்துபோயிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாந்தி வீட்டுக்குப் போனேன். திட்டிவிடத்தான் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு வெண்கல முகம்.

"மேக்குப் பக்கம் வெயிலுக்கா. மெழுகு எளகிருச்சு. அம்மா தாடை தொங்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் வேலைலேர்ந்து வந்து பாத்து அழுதுட்டேன். மார்க்கெட் பின்னால பித்தளை வேல செய்யற ஒரு பெரியவரு இருக்காரு. அவருகிட்ட குடுத்தேன். சரி பண்ணி, மணல்ல அமுக்கி, அச்செடுத்து ஊத்திக் குடுத்தாரு. நாலு நாள் வச்சிருந்தாரு."

அந்த நாலு நாளில் அவர் இரண்டாக ஊற்றி, ஒன்றை விற்றிருக்கிறார். சாந்திக்கு அது தெரியாது. நான் அன்று சொல்லவும் இல்லை. முகத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். வைக்கும்போது சிந்திய துகள் அந்தத் தழும்பில் போய்த் தங்கியிருந்தது.

"இத வச்சீங்க பாருங்க, இதாங்க்கா எங்கம்மா," என்றாள்.

திட்ட வாய் வரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு மதியம் தவுக்கேயின் அறைக்குப் போனேன். அவர் ஏதோ ஓட்டின் உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவுக்கே, அது நான்."

"தெரியும்," என்றார், தலை நிமிராமல்.

எப்படி என்று கேட்டேனோ இல்லையோ தெரியாது. அவரே சொன்னார்.

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எதுலயும் அந்தத் தழும்பு இல்ல. அந்தம்மா உன் வெரலப் புடிச்சு வச்சப்ப நான் அங்கதான் நின்னேன். அந்த எமைய வேற யாராலயும் அப்படி எழுத முடியாது."

"அப்ப முனியாண்டி அண்ணே?"

அவர் அந்தத் துண்டை மேசையில் வைத்தார்.

"ராஜனுக்கு ஒரு ஆளு வேணும். ஆளக் குடுக்கலேன்னா எல்லாருகிட்டயும் போய்ச் சொல்லுவாரு, பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான். ஊத்தறதுக்கு நான் வேற ஆளப் பழக்கலாம். மெழுகுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? யோசிச்சுத்தான் செஞ்சேன். நல்லதுன்னு சொல்லல லா."

"நான் போய் ராஜன்கிட்ட சொல்றேன், தவுக்கே."

"சொல்லு. சொன்னா மொதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி அவங்கம்மா மூஞ்சியத்தான் புடுங்குவாரு. அப்பறம் உன்ன அனுப்பணும். அப்பறம் மத்தவங்களையும் அனுப்பணும். யோசிச்சுக்க. மேசைல நாலு மெழுகு காத்துக்கிட்டு இருக்கு."

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். கரண்டியைச் சூடாக்கினேன். அப்படியே ஒன்பது வருடம் உட்கார்ந்தேன். தவுக்கே அதன் பிறகும் என்னிடம் முன்போலவே பேசினார். ஓட்டைத் தட்டிக் கேட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் இறந்தார். அவர் உடலின் அருகே நின்றபோது அழுகை வந்தது. யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் போட்ட கணக்கில் மிஞ்சியவள் நான்தானே.

முனியாண்டி அண்ணனை அதன் பிறகு ஈப்போவில் எந்தப் பட்டறையும் எடுக்கவில்லை. இந்தத் தொழிலில் பட்டறைகள் சிலதான். பேச்சு ஒரு வாரத்தில் எல்லா இடத்துக்கும் போய்விடும். மனைவியின் ஊரான சித்தியவானுக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அங்கே போவேன். ஒரு தடவையும் அவர் வீட்டை விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்க இருக்க அதுவே மனதில் ஓடியது. சென்ற ஆண்டு அந்தோணியும் போய்விட்டார். கவிதாவின் செய்தி வந்த பிறகு, போன வாரம் பேருந்து ஏறிச் சித்தியவான் போனேன். விசாரித்ததில் வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடித்தேன். பதினோரு வருடமாக அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

அறுபத்தெட்டு வயது. மெலிந்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "ஜெசியா! வா வா, உள்ள வா," என்று மனைவியைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். மீன்பிடிப் படகுகளின் அடியில் சுழலும் காற்றாடி பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்ததாகச் சொன்னார். "உரசற வேலதான். ஊத்தற வேலைய எங்கிட்ட குடுக்கல. ஈப்போலேர்ந்து யாரோ சொல்லிட்டாங்கபோல," என்றார், பழைய விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

தேநீர் வருவதற்கு முன் சொல்லிவிட்டேன். மதியம் தலைவலி என்று பொய் சொன்னதிலிருந்து, தவுக்கே அறையில் பேசியது வரை, ஒன்றுவிடாமல். கவிதா எழுதக் கேட்டிருப்பதையும் சொன்னேன். அண்ணனின் மனைவி தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

"தவுக்கேக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் தலையசைத்தேன். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்னா நெனச்சேன் தெரியுமா, ஜெசி? எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என் பின்கட்டு உலைல யாராச்சும் எனக்குத் தெரியாம ஊத்திருப்பாங்களோன்னு. என் தம்பி மவனக் கேட்டேன். நீதானேன்னு அடிச்சேன் அவன. அவன் அன்னைக்கு எங்கூடப் பேச்ச விட்டவன்தான். இன்னும் பேசல."

நான் மன்னிப்புக் கேட்டேன். குனிந்து காலைத் தொடப் போனேன். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம். மன்னிச்சேன்னு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிப் போயிருவ. எனக்கு என்னா ஆவும்?" பிறகு தெருவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கிட்ட யாரோ எழுதக் கேட்டாங்கன்னியே. அதுல எழுது. உன் பேரு போடு, எம் பேரும் போடு. அந்தப் பட்டறைல வேல செஞ்சவனுங்க, கேட்டவனுங்க, எல்லாம் படிப்பானுங்கல்ல? எழுதிட்டு ஒண்ண எனக்கு அனுப்பு. தம்பி மவன்கிட்ட குடுக்கணும்."

தேநீரை அவர் மனைவி என் முன்னால் வைக்கவே இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வந்தேன்.

ஈப்போ திரும்பியதும் சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முறையாக. இது அச்சில் வந்தால் ராஜன் வந்து முகத்தைக் கேட்கலாம் என்றும் சொன்னேன். வெகு நேரம் அழுதாள். பிறகு, "எழுதுங்கக்கா. கேட்டு வந்தா நான் பேசிக்கிறேன்," என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். செமோர் சாலைப் பட்டறையிலிருந்து அஞ்சலை அம்மாவின் முகத்தை வெளியே கொண்டுபோனவள் ஜெசிந்தா, அதாவது நான். முனியாண்டி அதைச் செய்யவில்லை. செய்ததாக ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவரைப் பற்றி வேறு விதமாகக் கேள்விப்பட்டவர்கள், யாரிடம் அதைச் சொன்னீர்களோ அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரை எழுத வேண்டாம் என்றார் அண்ணன், அதனால் எழுதவில்லை. அவன் வாங்கிய அடியும் எனக்கு விழ வேண்டியது.